கே08, கே23: இதய ஆய்வில் இறங்கும் இளம் மருத்துவருக்கு எது?

அமெரிக்கத் தேசிய இதயம், நுரையீரல், இரத்த நிறுவனம் வழங்கும் கே08 (K08), கே23 (K23) நல்கைகள், அதாவது மருத்துவர்கள் ஆய்வாளர்களாக வளர உதவும் நிதியுதவிகள், இரண்டுமே 3 முதல் 5 ஆண்டுகள் நீடிப்பவை; மூத்த ஆய்வாளர் ஒருவரின் வழிகாட்டலையும், பணிநேரத்தில் குறைந்தது 75 விழுக்காட்டை ஆய்வுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குவதையும் கட்டாயமாக்குபவை. வேறுபாடு ஆய்வின் தன்மையில் இருக்கிறது. இதயத்தசைச் செல்கள் கால்சியத்தை எவ்வாறு கையாளுகின்றன என்பதை எலிகளிடம் ஆராய்பவருக்குக் கே08 பொருந்தும். இதயச் செயலிழப்பு நோயாளிகளை நேரில் சந்தித்து, பரிசோதித்து, தொடர்ந்து கண்காணித்துத் தரவு திரட்டுபவருக்குக் கே23 உரியது. பழைய மருத்துவப் பதிவேடுகளை மட்டும் அலசுபவரும் கே23 தமக்கே என்று எண்ணிவிடுவதுண்டு. ஆனால் நோயாளியுடன் நேரடித் தொடர்பில்லாத ஆய்வு அதன் வரையறைக்குள் வராததால், அவர் பெரும்பாலும் கே08-ஐயே நாட வேண்டியிருக்கும். அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இல்லாமல் விசாவில் பயிற்சி பெறும் மருத்துவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவைப்படாது; இரண்டும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.