லைராவா, கித்தாராவா, பண்டூராவா: கையில் கிடார் இருப்பவன் எதை வாங்குவது?

ஜாஸ் மூவர் குழு ஒன்றில் கிடார் வாசிக்கிறேன். பழைய கிரேக்க நரம்புக் கருவி ஒன்றை அதோடு சேர்க்கும் கிறுக்கு பிடித்து, ஏழு நரம்பு லைரா வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்கு முன் பண்டூராவைச் சில மாதம் வைத்திருந்தேன். கித்தாராவை ஒரு நண்பரிடம் மூன்று வாரம் இரவல் வாங்கியதோடு சரி, அதனால் அதைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள்.

பண்டூராவை முதலில் முடித்துவிடலாம். நீளக் கழுத்து, மூன்று நரம்பு. ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் மாந்தினேயா பீடத்தில், கி.மு. 4ஆம் நூற்றாண்டுச் சிற்பத்தில், கலைத் தேவதை ஒருத்தி கையில் இது இருக்கிறது. கிடார்க்காரனுக்கு வாங்கிய அன்றே கை படிந்துவிடும். பாட்டு நடுவில் ஸ்கேல் மாறினாலும் விரலை நகர்த்தினால் போதும். பிரச்சினையும் அதுதான். இரண்டாவது ஒத்திகையிலேயே எங்கள் பாஸ் வாசிப்பவர் கேட்டார்: “இதை கிடாரிலேயே வாசிக்கலாமே?” என்னிடம் பதில் இல்லை. பூசூக்கி (இன்றைய கிரேக்க நீளக் கழுத்து நரம்புக் கருவி) வாசிக்கும் ஒருவர் நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டார்.

கித்தாரா ஆளை அசத்தும். ‘கிடார்’ என்ற பெயரே இதன் வழி வந்ததுதான், ஆனால் உறவு பெயரோடு சரி. கழுத்துள்ள பண்டூராதான் உருவத்தில் நம் கிடாருக்கு நெருக்கம். கித்தாரா தொழில்முறைக் கலைஞர்களின் கருவி, டெல்பியில் போட்டி மேடை ஏறியது. பெரிய மரப்பெட்டி, மேலே இரண்டு கைகள், குறுக்கே ஒரு கட்டை. நின்றுகொண்டு, வாரில் மாட்டி வாசிக்க வேண்டும். ஒலி கனமானது, ட்ரம்ஸ் பக்கத்தில் லைராவைப் போல் காணாமல் போகாது. விமானத்தில் எடுத்துப்போவதை மட்டும் நினைக்காதீர்கள்.

லைரா அதன் ஏழைத் தங்கை. ஹெர்மிஸ் ஆமையோட்டில் ஏழு ஆட்டு நரம்பைக் கட்டிச் செய்தான் என்பது புராணம். பள்ளிப் பிள்ளைகள் கற்றதும், விருந்தில் கைமாறியதும் இதுவே. இன்று மரத்தில் குடைந்த உடலோடு வாங்குங்கள். நில ஆமை இனங்கள் எல்லாம் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால், நிஜ ஓட்டோடு எல்லை தாண்டினால் அனுமதிச் சீட்டு கேட்பார்கள். ஒலி சின்னது. பலகையில் ஒட்டும் பிக்அப் (அதிர்வை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவி) கட்டாயம், ட்ரம்மரும் குச்சியை வைத்துவிட்டு பிரஷ் எடுக்க வேண்டும்.

இதெல்லாம் யாரும் சொல்வார்கள். என் தேர்வைத் தீர்மானித்தது சுருதி.

லைராவிலும் கித்தாராவிலும் கழுத்து கிடையாது, ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘சோ வாட்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 16 பார் (தாளச் சுற்று) டி டோரியன், அதாவது டி சுரத்தில் தொடங்கும் ஏழு சுர வரிசை, 8 பார் அரைச்சுரம் மேலே, மறுபடி 8 பார் டி. கிடாரில் ஒரு ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே சுரத்தைப் பிரிக்கும் கம்பி) நகர்ந்தால் முடிந்தது. லைராவில் ஏழு நரம்பையும் ஏற்ற வேண்டும். அரைச்சுரம் ஏற்றினால் அதிர்வெண் சுமார் 6 சதவீதம் கூடும், ஆனால் இழுவிசை அதன் வர்க்கமாகப் போவதால் 12 சதவீதம் கூடிவிடும். ஏழாவது நரம்பை முறுக்கும்போது குறுக்குக் கட்டையும் பலகையும் இழுபட்டு, முதலில் சேர்த்த நரம்பு இறங்கியிருக்கும். திரும்ப ஒரு சுற்று. நான் இரவல் வாங்கிய கித்தாராவில் நரம்புகள் அதிகம், நீளமும் அதிகம். சேர்த்து முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். லைராவை மடியில் வைத்தபடி ட்யூனரைப் பார்த்து முடுக்கினால் மூன்று நிமிடத்தில் ஒப்பேற்றலாம். ஆட்டு நரம்பை ஒரே ஒரு மழைக்காலம் போட்டுப் பார்த்தேன். ஈரத்தில் அது நிலைகொள்ளவில்லை, நைலானுக்கு வந்துவிட்டேன்.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் லைரா? ஃப்ரெட் இல்லாததால் எந்தச் சுரத்தை எங்கே வைப்பது என்பது என் இஷ்டம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் தென் இத்தாலியின் கிரேக்க நகரமான தாரெந்தத்தைச் சேர்ந்த கணித அறிஞர் ஆர்கிதாஸ் ஒரு பகுப்பு வைத்திருந்தார், அதைப் பிற்கால வானியல் அறிஞர் தாலமி குறித்து வைத்தார். ஈ–யிலிருந்து ஏ வரையிலான நான்கு சுரத்தை 28:27, 8:7, 9:8 என்ற அதிர்வெண் விகிதங்களில் பிரிப்பது. கிரேக்கர்களின் டோரியன் இந்த ஈ முதல் ஈ வரையிலான வரிசைதான் (இன்றைய டோரியன் வேறு, இடைக்கால ஐரோப்பாவில் பெயர்கள் இடம்மாறின). நம் காதுக்கு இது தோடியின் மேளம். ஆனால் ஆர்கிதாஸின் எஃப், ஈ–க்கு மேல் 63 சென்ட்டில் (ஒரு சென்ட் என்பது கிடார் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) நிற்கிறது. கிடாரின் எஃப் 100–ல். மேலே சி–யும் அதே போல கிடாரின் சி–யை விட 35 சென்ட் கீழே.

மோதுமே என்று பயந்துதான் உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது: மற்ற சுரங்களான ஈ, ஏ, டி, ஜி, பி எல்லாம் கிடாரின் சுருதியிலிருந்து 6 சென்ட்டுக்கு மேல் விலகவில்லை. அவை கிடாரின் கீழ் ஐந்து நரம்பு, விரலே வைக்காமல் மீட்டினால் வருவது. ‘சோ வாட்’டில் பியானோ முதலில் வைக்கும் கார்டும் இதே ஐந்து சுரம்தான்! கிடாரில் அதை அடித்து லூப் பெடலில் சுற்றவிட்டு, லைராவில் அந்தத் தாழ்ந்த எஃப்–ஐத் தொட்டால், அறையில் இருப்பவர்கள் தலை நிமிர்கிறார்கள். பண்டூராவில் இதற்கு ஃப்ரெட்டையே பெயர்க்க வேண்டும். கித்தாராவில் தாராளமாக முடியும், ஆனால் மேடையில் பாட்டுக்குப் பாட்டு அத்தனை நரம்பையும் யார் முறுக்குவது?

நீங்கள் தனியாகப் பாடி வாசிப்பவர், ஒரு மாலை முழுக்க ஒரே சுருதியில் இருப்பவர் என்றால் கணக்கு மாறும். கித்தாராவின் அந்த அடிவயிற்று ஒலி லைராவில் வராது.

‘சோ வாட்’டின் நடு 8 பாருக்கு நான் இன்னும் வழி காணவில்லை. அந்த இடம் வந்ததும் லைராவைப் பொத்திப் பிடித்துக்கொண்டு பாஸ் தனியாகப் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். அரைச்சுரம் மேலே சேர்த்து வைக்க இன்னொரு சின்ன லைரா வாங்கலாமா என்று வீட்டில் பேச்சை எடுத்தேன். இந்த வருடம் வேண்டாம் என்று தீர்ப்பாகிவிட்டது.