டைம்ஷிஃப்ட்: உடைச்சவன் எழுதுற ரிவ்யூ

விண்டோஸுக்கு பதிலா போடுற லினக்ஸ் மின்ட் ஓஎஸ்ஸுக்கு மாறி ஒன்றரை வருஷம் ஆச்சு, முதல் மூணு மாசத்துல மட்டும் நாலு தடவ ஓஎஸ்ஸ அழிச்சு திரும்ப போட்ருக்கேன். விண்டோஸ் பழக்கம், எது மக்கர் பண்ணாலும் ஃபார்மட் போடு, அவ்ளோதான் தெரியும். இத்தனைக்கும் இந்த டைம்ஷிஃப்ட், அதாவது சிஸ்டம் இப்போ இருக்குற நிலைய ஸ்னாப்ஷாட்டா எடுத்து வெச்சு, கெட்டா பழையபடி திருப்பித் தர்ற டூல், மின்ட் கூடவே வருது, 2017ல வந்த 18.3 வெர்ஷன்ல இருந்தே இருக்கு, முதல்ல வர்ற வெல்கம் விண்டோவே ஸ்னாப்ஷாட் எடுத்து வைய்யின்னு சொல்லும், நான்தான் அத இனிமே வராதபடி டிக்க எடுத்துட்டு போயிட்டேன்.

அஞ்சாவது தடவதான் புத்தி வந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சேன். அடுத்த வாரமே வேல வந்துச்சு. பைத்தான்ங்குற ப்ரோக்ராமிங் மொழியோட புது வெர்ஷன் போட்டேன், சரி பழசு எதுக்கு சும்மா கெடக்குதுன்னு ஆப்ட் ரிமூவ் பைத்தான்3ன்னு நீக்குற கமாண்ட அடிச்சேன், கூடவே இதெல்லாம் போகும்னு ஒரு பெரிய லிஸ்ட் வந்துச்சு, படிக்காம ஒய் தட்டிட்டேன். டெஸ்க்டாப்பே பைத்தான நம்பித்தான் இருக்குன்னு யாருக்கு தெரியும். ரீபூட் பண்ணா கருப்பு ஸ்க்ரீன், ஓரத்துல ஒரு கோடு மினுக் மினுக்குன்னு. கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்துனா எழுத்து மட்டும் வர்ற லாகின் வந்துச்சு, உள்ள போயி சுடோ டைம்ஷிஃப்ட், ஒரு ஸ்பேஸ், ரெண்டு மைனஸ், ரீஸ்டோர்னு அடிச்சா (சுடோன்னா அட்மின் அதிகாரத்தோட ஓட்டுறது) இருக்குற ஸ்னாப்ஷாட்டெல்லாம் நம்பர் போட்டு காட்டுது, நம்பர குடுத்தேன், சிஸ்டத்த பூட் பண்ணி விடுற க்ரப்ப திரும்ப போடவான்னு கேட்டுச்சு, ஆமான்னேன், டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள பழைய டெஸ்க்டாப் அப்படியே நிக்குது. நெட் கூட தேவைப்படல. மின்ட்ட எனக்கு புடிச்சு போனது அன்னைக்குத்தான்னு சொல்லணும்.

ரெண்டாவது கூத்து இதவிட பெருசு. பெர்மிஷன் டினைட், பெர்மிஷன் டினைட்னு வந்துட்டே இருந்த கடுப்புல சிஸ்டத்தோட ப்ரோக்ராமெல்லாம் இருக்குற யுஎஸ்ஆர் ஃபோல்டர் மொத்தத்துக்கும், யாரும் எதையும் பண்ணலாம்னு ஆக்குற சிஹெச்மாட் 777 கமாண்ட போட்டுட்டேன், உள்ள இருக்குறதுக்கும் சேத்து. அந்த நிமிஷத்துல இருந்து சுடோ செத்துப்போச்சு, ஏன்னா சுடோவ அட்மினா ஓட விடுற ஒரு ஸ்பெஷல் பெர்மிஷன் பிட் உண்டு, 777 அத தூக்கிடும். சுடோ இல்லன்னா டைம்ஷிஃப்ட்ட எப்படி ஓட்டுறது? மின்ட் போட்ட பழைய பென் டிரைவ் இருந்துச்சு, அதுல பூட் பண்ணி, அதுக்குள்ளயே இருக்குற டைம்ஷிஃப்ட்ட தொறந்து, செட்டிங்ஸ்ல லேப்டாப்போட டிஸ்க்க காட்டுனா ஸ்னாப்ஷாட் லிஸ்ட் வந்துடுது, ரீஸ்டோர் குடுத்தா பெர்மிஷன் உட்பட பழையபடி ஆயிடுச்சு. அதனால அந்த பென் டிரைவ அழிச்சுடாதீங்க ப்ளீஸ். இன்னொண்ணு, அன்னைக்கு நான் அந்த 777 கமாண்ட எல்லா ஃபோல்டருக்கும் மேல இருக்குற ரூட் ஃபோல்டர்ல (/) போட்ருந்தா கத முடிஞ்சுருக்கும், ஸ்னாப்ஷாட்டும் அதே டிஸ்க்ல அதுக்கு கீழதான இருக்கு, அதோட பெர்மிஷனும் சேந்து நாசமாயிருக்கும். அப்புறம்தான் தனி ஹார்ட் டிஸ்க் ஒதுக்குனேன். அதுக்கும் லினக்ஸ் ஃபார்மட் வேணும், இஎக்ஸ்டி4 மாதிரி, விண்டோஸ்ல யூஸ் பண்ணிட்டு இருந்த என்டிஎஃப்எஸ் டிஸ்க்க அது ஏத்துக்காது.

இப்போ குறை. குறைன்னு சொல்றதவிட நான் ஒழுங்கா படிக்காதது. இது பேக்கப் இல்ல! சிஸ்டத்த மட்டும்தான் எடுக்கும், நம்ம சொந்த ஃபைலெல்லாம் இருக்குற ஹோம் ஃபோல்டர தானா விட்டுடும். எல்லாம் பத்திரமா இருக்குன்னு நெனச்சு ஒரு ஃபோட்டோ ஃபோல்டர அழிச்சுட்டு, ஸ்னாப்ஷாட்ல தேடுனா அது இல்லவே இல்ல. ரெண்டு வருஷ ஃபோட்டோ. யோசிச்சா அப்படி வெச்சது சரிதான், இல்லன்னா சிஸ்டத்த போன வாரத்துக்கு திருப்புறப்போ நேத்து டைப் பண்ணுன ஃபைலும் போன வாரத்துக்கு போயிடும். ஆனா ஸ்னாப்ஷாட்ங்குற பேர பாத்தா புதுசா வர்றவனுக்கு அப்படி தோணாது. என் ஃபைலுக்கெல்லாம் இப்போ தனியா வேற டிஸ்க்ல காப்பி போகுது.

எடத்த பத்தி ரொம்ப பயப்பட வேணாம், முதல் ஸ்னாப்ஷாட்தான் சிஸ்டம் சைஸுக்கு இருக்கும், அடுத்தடுத்து மாறுன ஃபைல மட்டும் புதுசா எடுக்கும், மாறாதத ஹார்ட் லிங்க்ல, அதாவது பழைய காப்பியவே சுட்டிக்காட்டி, ஓட்டிடும். டெய்லி ஒண்ணு எடுக்க விட்டு, கடைசி மூண மட்டும் வெச்சுக்கிட்டா போதும். ஏதாவது டிரைவர நோண்டுறதுக்கு முன்னாடி கையால ஒண்ணு எடுத்து கமென்ட்ல காரணத்த எழுதி வைங்க, என்னோடதுல ஒண்ணு "இது வேணாம்னு தெரிஞ்சே பண்றேன்"னு இருக்கு.

பேனல் (விண்டோஸ் டாஸ்க்பார் மாதிரி) காணாம போச்சு, தீம் கந்தலாச்சுன்னா மட்டும் இத நம்பாதீங்க. அந்த செட்டிங்கெல்லாம் ஹோம்லதான் இருக்கு, எத்தன ரீஸ்டோர் போட்டாலும் பேனல் வராது, நான் மூணு தடவ போட்டு பாத்தேன். புதுசா ஒரு யூசர் க்ரியேட் பண்ணி லாகின் ஆகி பாருங்க, அங்க நல்லா இருந்தா சிஸ்டத்துல ஒண்ணும் இல்ல, உங்க ஹோம்லதான் வில்லங்கம்.