வெள்ளைப் பொடிதான் எதிரி: மாஹேபூரில் ஏழு வருட அவுட்போர்டு எஞ்சின் அனுபவம்

எங்கள் பிரோக்கின் (இங்கத்திய சின்ன மீன்பிடிப் படகு) பின்னால் மாட்டியிருக்கும் 15 குதிரைத்திறன் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினை 2018-இல் புதிதாக வாங்கினோம். எங்கள் என்றால் மாமனாரும் நானும். அவர் மாஹேபூரிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி மொரீசியஸ் வந்தவன். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை லகூனுக்குள், அதாவது பவளப்பாறைக்கு உள்பக்கக் கடலுக்குள் போய் மீன் பிடித்து வருவோம். இந்த ஏழு வருடத்தில் பிஸ்டன், கார்பரேட்டர் எதுவும் பெரிதாகப் படுத்தவில்லை. படுத்தியதெல்லாம் போல்ட், நட்டு, ஸ்குரூ, பின் போன்ற சின்னச் சாமான்கள்தான்.

மாஹேபூர் இருப்பது தீவின் தென்கிழக்குக் கரையில். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று நேராக எங்கள் முகத்தில்தான் அடிக்கும். படகு சும்மா கட்டிக் கிடந்தாலும் எஞ்சின் மேல் உப்புச் சாரல் விழுந்துகொண்டே இருக்கும். தீவின் வடக்கே கிராண்ட் பே பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர் எஞ்சினை மாதம் ஒருமுறை கவனித்தால் போதும் என்கிறார். அந்தக் கணக்கு இங்கே எடுபடாது.

முதல் இரண்டு வருடம் நான் பயந்தது சிவப்புத் துருவுக்கு. எங்காவது காவி நிறம் தெரிந்தால் உடனே தேய்த்து எண்ணெய் போடுவேன். போல்ட் தலையைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால், உப்புதானே என்று துடைத்துவிட்டுப் போய்விடுவேன். அதற்கான பலனை 2020 தைப்பூசத்துக்குப் பிறகு பார்த்தேன்.

காவடிக்குக் கொடி ஏறினால் எங்கள் வீட்டில் பத்து நாள் விரதம். மீன் கிடையாது, கடலுக்கும் போக மாட்டோம். அந்த வருடம் விரதத்துக்கு முந்தின கடைசி நாள் இருட்டிய பிறகுதான் கரை வந்தோம். அவசரத்தில் எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓட்டாமலே கரையில் வைத்துவிட்டோம். காவடி முடிந்து போய்ப் பார்த்தால், படகின் பின்பலகையில் எஞ்சினைப் பிடித்துவைக்கும் இரண்டு திருகுகளில் ஒன்று அசையவே இல்லை. அதை எப்படியோ கழற்றினோம். எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது, பக்கத்தில் பீய்ச்சி வர வேண்டிய குளிர்விப்புத் தண்ணீர் நூல்போல வந்தது. எஞ்சின் சூடானதும் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டின் மூடியைத் திறக்கலாம் என்று ஸ்பேனரைப் போட்டேன். "பலத்தைக் காட்டாதீங்க மாப்பிள்ளை, அது வேற பிடிப்பு" என்றார் மாமா. அவர் சொல்லி முடிப்பதற்குள் 6 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று கழுத்தோடு முறிந்துவிட்டது.

அவர் சொன்ன பிடிப்பு இதுதான். எஞ்சின் உடம்பு அலுமினியம். போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் மூன்றும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடுகிறது. அதில் கரைவது அலுமினியம்தான். போல்ட் பளபளவென்று அப்படியே இருக்கும். கரைந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாக மாறும்போது முன்னைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைகளுக்கு நடுவே ஏது இடம்? சிமெண்ட் போட்டதுபோல இறுகிவிடும். சிவப்புத் துருவாவது பார்வைக்குத் தெரிகிறது. இது உள்ளேயே வேலை செய்கிறது. அதனால் இப்போதெல்லாம் போல்ட் தலையைச் சுற்றிப் பெயிண்ட் கொப்பளித்தாலோ வெள்ளை தெரிந்தாலோ அன்றே கழற்றிப் பார்த்துவிடுகிறேன்.

இறுகிய போல்ட்டுக்கு எனக்குக் கைகொடுத்தது சூடுதான். சூட்டில் அலுமினியம் ஸ்டெயின்லெஸ்ஸைவிட அதிகமாக விரியும். ஒவ்வொரு டிகிரிக்கும் அது மீட்டருக்கு 23 மைக்ரான் விரிந்தால், ஸ்டெயின்லெஸ் 16 மைக்ரான்தான் விரியும். அந்த வித்தியாசத்தில் பிடிப்பு விடும். பெட்ரோல் டேங்கையும் குழாயையும் தூரமாக எடுத்துவைத்துவிட்டு, போல்ட்டை அல்ல, அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தை கேஸ் டார்ச்சால் மெதுவாகச் சூடாக்க வேண்டும். ஆறியதும் ஊடுருவும் எண்ணெய் விட்டு, தலையில் சின்னச் சுத்தியலால் தட்டி, கால் சுற்று இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, இப்படியே பொறுமையாகப் போக வேண்டும். ஒரு சாயங்காலம் முழுக்க ஆனாலும் பரவாயில்லை. முறிந்த போல்ட்டைத் துளைபோட்டு எடுத்து, கெட்ட மரைக்குப் பதிலாக ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரையை வைப்பதற்குப் பட்டறையில் இரண்டு வாரம் காத்திருந்தோம்.

திரும்பப் போடும்போது மரையில் என்ன தடவுகிறோம் என்பதும் முக்கியம். கடையில் மரை இறுகாமல் இருக்கத் தடவும் ஆன்டி-சீஸ் பேஸ்ட்டை, அதிலும் செம்பு கலந்ததை நீட்டினார்கள், நானும் ஒரு வருடம் அதைத்தான் தடவினேன். அலுமினியத்தில் செம்பைத் தடவுவது தவறு, அது அரிப்பை இன்னும் தூண்டிவிடும். இப்போது டெஃப்-ஜெல் என்ற, டெஃப்லான் கலந்த பேஸ்ட்தான். ஒரு குட்டிக் குழாய் வருடக்கணக்கில் வரும், விலை கொஞ்சம் உறைக்கும். அதைத் தடவிப் போட்ட போல்ட் எதுவும் மூன்று வருடம் கழித்தும் முரண்டு பிடிக்கவில்லை. மாற்று போல்ட் வாங்கும்போது தலையில் ஏ4 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அது 316 ரகம், மாலிப்டினம் சேர்ந்தது. ஏ2 என்று இருப்பது 304 ரகம். இங்கத்திய காற்றில் ஒரே பருவத்தில் அதில் தேநீர் நிறத்தில் துருக்கறை படிந்துவிடும்.

அப்புறம் ஆனோடு. எஞ்சினின் தண்ணீருக்குள் இறங்கும் அடிக்காலில் இருக்கும் அந்தத் துத்தநாகத் துண்டு, எஞ்சினுக்குப் பதிலாகத் தான் கரைவதற்காகவே வைத்திருப்பது. 2019-இல் அடிக்காலுக்குப் பெயிண்ட் அடித்தபோது அதன் மேலும் சேர்த்து அடித்துவிட்டேன். பெயிண்ட் மூடிவிட்டால் அது கரையாது, அதற்குப் பதில் எஞ்சின் உடம்பு கரையும். அந்த ஒரு வருடத்தில் விழுந்த குழிகள் இன்னும் அடிக்காலில் இருக்கின்றன. இப்போது பாதி கரைந்ததும் மாற்றுகிறேன். புதியதைப் போடும் இடத்தைப் பளிச்சென்று தேய்த்துவிடுவேன், உலோகத்தோடு உலோகம் ஒட்டினால்தான் வேலை செய்யும்.

தினசரி வேலை என்று பார்த்தால் 200 லிட்டர் பீப்பாய் ஒன்றே போதும். கரைக்கு வந்ததும் எஞ்சினை அதில் நிரப்பிய நல்ல தண்ணீரில் நியூட்ரலில் பத்து நிமிடம் ஓட்டுகிறோம். இரண்டு நிமிடத்தில் நிறுத்தினால் பயனில்லை. எஞ்சின் சூடாகித் தெர்மோஸ்டாட் திறந்த பிறகுதான் தண்ணீர் எல்லா வழியிலும் போய் உப்பைக் கரைக்கும். எஞ்சினின் மேல்மூடிக்குள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லானோலின் (ஆட்டு ரோமத்துக் கொழுப்பு) ஸ்ப்ரே. அந்த ரோமத்து வாடை வரும், தூசி ஒட்டும், ஆனால் மழையிலும் போகாது. சாதாரண மெல்லிய ஸ்ப்ரே ஈரத்தை விரட்டும், இரண்டு வாரம் நிற்காது.

புரப்பெல்லரை வருடத்துக்கு இரண்டு முறை கழற்றி, தண்டுக்குக் கடல் தண்ணீர் தாங்கும் கிரீஸ் பூசுகிறேன். கழற்றும்போதெல்லாம் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஆயில் சீலை அறுத்துவிட்டால் கியர் ஆயிலில் தண்ணீர் கலந்து பால்போல வரும். புரப்பெல்லர் நட்டு கழலாமல் பிடிக்கும் கொண்டை ஊசி மாதிரியான பின்னை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள், வளைத்ததையே மறுபடி வளைக்காதீர்கள்.

பிளாஸ்டிக் தாளால் எஞ்சினைக் கட்டி மூடுவதை விட்டுவிட்டோம். உள்ளே வேர்த்து, ஈரம் அங்கேயே தங்குகிறது. இப்போது பருத்தித் துணிதான். புயல் எச்சரிக்கை இரண்டாம் வகுப்புக்கு ஏறினால் ஆளுக்கொரு பக்கம் பிடித்து எஞ்சினை வீட்டுக்கே தூக்கி வந்துவிடுவோம்.

இன்றைய நிலவரம்: நான்கு ஆனோடு, தண்ணீர் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் மூன்று, ஒரு ஹெலிகாயில், திருகு ஒரு ஜோடி மாற்றியாகிவிட்டது. எஞ்சினை மேலே சாய்க்கும் அச்சில் ஒரு போல்ட்டை மட்டும் இன்னும் நான் தொடவில்லை. சுற்றிலும் பெயிண்ட் லேசாக உப்பியிருக்கிறது. இந்த வருடம் காவடி முடிந்ததும் கேஸ் டார்ச்சோடு உட்கார வேண்டியதுதான் என்று மாமா சொல்லியிருக்கிறார்.