திருப்பூர் ஏற்றுமதித் தளத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ்

எங்கள் பின்னலாடை நிறுவனத்தின் இணையதளம் தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மூன்று மொழிகளில் இயங்குகிறது. முன்பு விலைகொடுத்து வாங்கிய எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லாததால், ஒவ்வொரு கைபேசியும் தன்னிடமுள்ள எழுத்துருவைக் கொண்டு பக்கத்தை நிரப்பியது. தலைப்பும் பத்தியும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

கோவையிலுள்ள வடிவமைப்பாளர் ஒருவரின் பரிந்துரைப்படி, கூகுள் திறந்த உரிமத்தில் இலவசமாக வழங்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவுக்கு மாறினோம். உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் எண் வழங்கும் யூனிகோட் தரம் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களையும் இந்த எழுத்துருவுக்கு உரியவையாக, பக்கத்தின் தோற்றத்தை விவரிக்கும் சிஎஸ்எஸ் மொழியில் அவர் வரையறுத்ததால், ஆங்கிலம் மட்டுமே உள்ள பக்கத்தைத் திறப்பவர் தமிழ் எழுத்துருக் கோப்பைப் பதிவிறக்க நேர்வதில்லை.

அவருடைய பணியில் நான் மிகவும் மதிப்பது, அந்தக் கோப்பின் அளவைச் சுருக்கும்போது அவர் காட்டிய கவனத்தைத்தான். எழுத்துருவுக்குள் இருக்கும் வடிவமாற்று விதிகள் அப்போது நீங்கிவிட்டால், 'கு', 'மூ' போன்ற எழுத்துகள் தமக்குரிய வடிவம் பெறாமல், அகரமேறிய எழுத்தும் உகர, ஊகாரக் குறிகளும் தனித்தனியாக உடைந்து நிற்கும். நம் மொழி அவ்வாறு சிதைந்து தெரிவதை எந்த வாடிக்கையாளரும் பார்க்கலாகாது. அவர் அவ்விதிகளை முழுமையாகக் காத்தார்.

பெரிய தலைப்புகளுக்கு இதன் தோற்றம் சற்றுத் தட்டையானது என்றே கருதுகிறேன். இந்திக்கு நோட்டோ சான்ஸ் தேவநாகரியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஒரே குடும்பம் என்பதால் இரண்டும் நன்றாக இணைகின்றன.