வின்ரர் ரயருக்குக் காற்றடிக்கப் போய் ஏமாறாதீர்கள்

கனடாவில், ஸ்காபரோவில் கார் ஓடுகிறவர்கள், முக்கியமாக இங்கே முதல் வின்ரரைப் பார்க்கப்போகிறவர்கள், இதை ஒருக்கா வாசித்துவிடுங்கள். பக்கத்துக் கராஜ் ஒன்றில் தேவையே இல்லாமல் 420 டொலர் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

நவம்பர் கடைசியில் வின்ரர் ரயர் போடக் காரை விட்டேன். சாரதி பக்கக் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்ரிக்கரில், ரயருக்கு அடிக்கவேண்டிய காற்றின் அளவு 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) என்று இருக்கிறது. கராஜ்காரர் அடித்தது 30. ஏன் என்று கேட்டேன். “அண்ணை, பனிக்குக் காத்துக் குறைவா இருந்தால்தான் ரயர் நல்லாப் பிடிக்கும்” என்றார். தொழில் தெரிந்தவர்தானே என்று பேசாமல் வந்துவிட்டேன்.

மைனஸ் 15 வந்த முதல் காலை, டாஷ்போர்டில் ரயர் லைற் மஞ்சளாக எரிந்தது. ரயருக்குள் இருக்கிற சென்சர் காற்றுக் குறைவென்று கண்டால் எரிகிற லைற் அது. திரும்பப் போனால், மனுசன் காற்றை அளந்தே பார்க்கவில்லை. “சென்சர் பற்றரி செத்துப்போச்சு, நாலையும் மாத்தவேணும்.” சரி என்றேன். மாற்றிக் காற்றடித்ததும் லைற் அணைந்தது. இரண்டு நாள் கழித்து விடியவே மறுபடி அதே லைற்.

அன்றைக்குத்தான் ரயர்க் காற்றை அளக்கிற ஒரு கேஜ் வாங்கினேன். வால்வு மூடி உறைந்து இறுகிக் கிடந்தது. கையுறையைக் கழற்றி, விரலால் பிடித்துச் சூடாக்கித்தான் திருக முடிந்தது. 24, 24, 23, 24. நாலுக்கும் 33 அடித்துக் கொஞ்சத் தூரம் ஓடினேன். லைற் போய்விட்டது.

கணக்கு இதுதான். வெப்பநிலை ஐந்தாறு பாகை செல்சியஸ் இறங்கினால் ரயரில் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ குறையும். ஹீற்றர் போட்ட கராஜுக்குள் 20 பாகை, வெளியே மைனஸ் 15. 35 பாகை வித்தியாசத்துக்கு 6 பிஎஸ்ஐ போய்விடும். உள்ளே அடித்த 30 வெளியே 24 ஆகிறது. ஸ்ரிக்கர் அளவில் கால்வாசி குறைந்தால் லைற் எரியும். பழைய சென்சர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது! சென்சர் உண்மையில் பழுதென்றால், பெரும்பாலான கார்களில் ஸ்ராட் பண்ணியதும் லைற் ஒரு நிமிடமளவு மினுங்கிவிட்டுத்தான் நிலையாக எரியும். என்னுடையது ஒருநாளும் மினுங்கவில்லை.

பனிக்குக் காற்றைக் குறை என்பதும் வீதி ஓட்டத்துக்குப் பிழை. குறைந்தால் ரயரின் ஓரங்கள்தான் அழுந்தும், ஸ்ரியறிங் மந்தமாகும். வின்ரர் ரயர் பிடிப்பது அதன் மென்மையான ரப்பராலும் அதிலுள்ள நுண்ணிய வெட்டுகளாலும். காலையில், கார் ஓட முன்னர், வெளியில் வைத்து அளந்து ஸ்ரிக்கர் அளவுக்கு அடியுங்கள். ரயரின் பக்கவாட்டில் இருக்கிற பெரிய எண் அது தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்கவேண்டாம்.

கழற்றிய சென்சர்களைப் போய்க் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டாராம். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வேண்டாம் என்று நாங்கள் முன்கூட்டியே சொல்லாவிட்டால், கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர அவர்கள் முன்வரவேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பில்லையும் கேஜ் காட்டிய அளவுகளின் படங்களையும் வைத்து மாகாண அரசின் நுகர்வோர் பிரிவுக்கு முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறேன்.