காஞ்சனபுரியா, சிங்கப்பூரா, கோஹிமாவா? வயதான பெற்றோரைப் போர்க்கால இடங்களுக்கு அழைத்துச் செல்வோருக்கு ஓர் அலசல்

இரண்டாம் உலகப் போரின் சுவடுகளை அம்மா அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, அதிகத் தொலைவு போகாமல் மூன்று ஊர்கள் இருக்கின்றன: தாய்லாந்தில் காஞ்சனபுரி, சிங்கப்பூர், நாகாலாந்தில் கோஹிமா. முழங்கால் வலி, சாப்பாடு, கழிப்பறை ஆகிய மூன்றை மட்டும் பார்த்தால் சிங்கப்பூர்தான் வெல்லும். என் ஓட்டு காஞ்சனபுரிக்கு.

கோஹிமாவை முதலில் சொல்லிவிடுகிறேன். 1944 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஜப்பானியப் படையைத் தடுத்து நிறுத்திய மலை அது. மாவட்ட ஆட்சியர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்தின் இரு ஓரங்களில் இரு படைகளும் பதுங்கி நின்று கையெறி குண்டு வீசிக்கொண்டன. அந்த மைதானத்தின் கோடுகளை இன்றும் கல்லறைத் தோட்டத்துக்குள் அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள். 1,420 கல்லறைகள். எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனி நினைவிடம். ஆனால் அத்தனையும் மலைச்சரிவில், படிப்படியாக ஏறிப் பார்க்க வேண்டியவை. திமாப்பூரிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. உள்நுழைவு அனுமதிச் சீட்டும் எடுக்க வேண்டும். நேதாஜியின் படை 1944 ஏப்ரல் 14 அன்று கொடியேற்றிய மொய்ராங்கையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றால், அது மணிப்பூரில் இருக்கிறது. 2023 மே மாதம் தொடங்கிய கலவரத்துக்குப் பிறகு நிலவரம் விசாரிக்காமல் பெரியவர்களை அங்கே கூட்டிப் போகக் கூடாது. நன்றாக நடக்கக்கூடிய பெற்றோர் என்றால் மட்டும் கோஹிமா.

சிங்கப்பூரில் கவலையே இல்லை. அறிவிப்புகளில் தமிழ் இருக்கிறது. சிராங்கூன் சாலையில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கிறது. மெட்ரோவில் மின்தூக்கி இருக்கிறது. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்த பழைய ஃபோர்டு தொழிற்சாலை இப்போது அருங்காட்சியகம். சாங்கி தேவாலய அருங்காட்சியகத்தில் போர்க் கைதிகளின் வாழ்க்கை பேசுகிறது. எஸ்பிளனேட் பூங்காவில், இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச்சின்னம் இடிக்கப்பட்ட இடத்தைக் காட்டும் கல் இருக்கிறது. எல்லாமே நேர்த்தி. எனக்கு அங்கேதான் குறை தெரிகிறது. குளிரூட்டப்பட்ட அறையில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் போரைப் பெரியவர்கள் மரியாதையாகப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். கிராஞ்சி போர் நினைவிடம் மட்டும் விலக்கு. உடல் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் சுவர்களில் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்தியப் பெயர்கள் ஏராளம். அங்கே அம்மாவை அவசரப்படுத்த முடியாது. ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படிப்பார்.

காஞ்சனபுரி, பாங்காக்கிலிருந்து 130 கிலோமீட்டர் அளவில், காரில் இரண்டரை மணி நேரம். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போடப்பட்ட சயாம் மரண ரயில்பாதையின் ஒரு பகுதியில் ரயில் இங்கே இன்னும் ஓடுகிறது. 415 கிலோமீட்டர் தண்டவாளத்தை 1942 முதல் 1943 அக்டோபருக்குள் ஜப்பானியர் போட்டு முடித்தார்கள். 12,000க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேர் இறந்திருக்கலாம் என்பது பரவலான கணிப்பு. அவர்களில் ஒரு பெரும்பகுதியினர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கூட்டிச் செல்லப்பட்ட தமிழர்கள். காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு. பார்க்க மருத்துவர் பெரும்பாலும் கிடையாது.

ஊர் நடுவே இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும். 22, 24, 26 என்று வயதுகளைப் படித்துக்கொண்டே வந்த என் அம்மா, "நம்ம ஆளுங்க எங்கே?" என்று கேட்டார். இங்கே இல்லை. இறந்த இடத்திலேயே கூட்டம் கூட்டமாகப் புதைக்கப்பட்டவர்கள் அவர்கள். 2023இல்தான் இந்த ஊரின் வாட் தாவோன் வராராம் கோயிலில் அவர்களுக்காகத் தமிழர்கள் நடுகல் நாட்டினார்கள். எண்பது ஆண்டுகள் கழித்து! இந்த ஓர் இடத்துக்காகவே நான் காஞ்சனபுரியைத் தேர்ந்தெடுப்பேன். செட்டிநாட்டிலும் தஞ்சையிலும் புதுக்கோட்டையிலும், மலாயாவுக்குப் போய்க் கடிதம் நின்றுபோன உறவினர் ஒருவராவது இல்லாத தெரு குறைவு. வழிகாட்டி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை மாறி, பெரியவர்களே பேசத் தொடங்குகிறார்கள்.

உடல் சிரமம் இருக்கிறது, மறைக்கவில்லை. அந்த ரயில்பாதை செல்லும் குவாய் நதிப் பாலத்தின் மேல் நடக்கலாம், ஆனால் தண்டவாளத்துக்கிடையே பலகைகள் சீராக இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் கரையில் நின்று பார்ப்பதே நல்லது. வளைந்த இரும்பு வளைவுகள் பழையவை. நடுவில் வளைவில்லாமல் நேர்க்கோடாக நிற்கும் இரண்டும் குண்டுவீச்சுக்குப் பிறகு மாற்றியவை. பாலத்தைக் கடக்க ரயிலில் ஏறுங்கள். 'நாம் டோக்' என்ற ஊர் வரை போகும் ரயிலில் இடப்பக்கம் உட்கார்ந்தால், தாம் கிராசே என்ற இடத்தில் குன்றை ஒட்டிய மரப்பாலத்தின் மேல் ஊர்ந்து போகும்போது ஆறு நேர் கீழே தெரியும். குளிர்வசதி கிடையாது, மின்விசிறிதான், தாமதமும் சகஜம். கைதிகள் உளியும் சுத்தியலும் கொண்டு பாறையைப் பிளந்த ஹெல்ஃபயர் கணவாய்க்குள் இறங்க நிறையப் படிகள். பெற்றோர் மேலே உள்ள அருங்காட்சியகத்தோடு நின்றுகொள்ளட்டும்.

சைவம் சாப்பிடுபவர்கள் 'ஜே' என்று கேளுங்கள். மீன் சாறு சேர்க்காத சாப்பாடு கிடைக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பெழுத்து தொங்கும் கடைகளைப் பாருங்கள். ஏப்ரல் வெயிலில் போகவே போகாதீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான காலம்.

சக்கர நாற்காலி இல்லாமல் முடியாது என்றால் தயங்காமல் சிங்கப்பூர் போங்கள், கிராஞ்சிக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். மற்றவர்கள் காஞ்சனபுரிக்கு டிக்கெட் எடுக்குமுன் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய மலாயாக் கடிதங்களை எடுத்துப் பாருங்கள். தோட்டத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டத்தை ஒட்டியுள்ள ரயில்பாதை அருங்காட்சியகத்தில் விசாரிக்க ஒரு பிடி வேண்டும்.