ஒலாஜுவான் 34 சிவப்பு ஜெர்சி வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

அமெரிக்காவின் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் கூடைப்பந்து அணியின் பழைய ஜெர்சிகளைத் தேடுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அந்த அணியின் ஹக்கீம் ஒலாஜுவான் 1993-94 சீசனில் வெளியூர் ஆட்டங்களில் போட்டது என்று சொல்லும் சான்றுக் கடிதத்தோடு சிவப்பு ஜெர்சி ஒன்று சுற்றுகிறது. என்னிடம் 6,000 டாலருக்கு விற்றார்கள்.

ஹூஸ்டனில் வளர்ந்த எங்களுக்கு அந்த சீசன் என்றால் உயிர். என்பிஏ லீகின் எம்விபி (மிகச் சிறந்த வீரர்), சிறந்த தடுப்பாட்டக்காரர், இறுதித்தொடரின் எம்விபி என மூன்றையும் ஒரே சீசனில் வாங்கியவர் இன்றுவரை ஒலாஜுவான் மட்டும்தான். அந்த இறுதித்தொடரில் நியூயார்க் நிக்ஸ் அணியுடனான ஆறாவது ஆட்டத்தில், கடைசி நொடியில் நிக்ஸின் ஜான் ஸ்டார்க்ஸ் எறிந்த பந்தை விரல் நுனியில் தட்டிவிட்டு 86-84 என்று ஜெயிக்க வைத்தாரே, அந்த மனுஷன்! இந்தப் பாசத்தை வைத்துத்தான் வியாபாரம் செய்கிறார்கள்.

ஜெர்சி தயாரித்த சாம்பியன் கம்பெனி அப்போது எண்களைத் தைத்த மெஷ் (சின்னச் சின்ன ஓட்டைகள் உள்ள துணி) ஜெர்சிகளைக் கடைகளிலும் விற்றது. அப்படி ஒன்றை எடுத்து அழுக்காக்கினால் போதும். எனக்கு வந்ததில் அக்குள் பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் துணி பொசுபொசுவென்று இருந்தது. எண்ணைச் சுற்றிய தையல் நூலோ பளபளவென்று, ஓர் இழைகூடப் பிரியாமல்.

கடிதத்தில் ஓர் ஆட்டப் படத்தைச் சின்னதாக, மங்கலாக அச்சடித்திருந்தார்கள். அதே படத்தைப் பெரிய அளவில் விலைக்கு வாங்கிப் பார்த்தேன். மெஷ் துணியில் எண்ணின் விளிம்பு எந்த ஓட்டையை எங்கே வெட்டுகிறது என்பது ஜெர்சிக்கு ஜெர்சி மாறும். படத்தில் 3-இன் கீழ்வளைவு ஓர் ஓட்டையைச் சரிபாதியாக வெட்டுகிறது. என்னிடம் இருந்ததில் அதே இடத்தில் முழு ஓட்டை, விளிம்பைத் தொடாமல் நிற்கிறது. கேட்டால், "கடிதம் எங்கள் கருத்துதான், உத்தரவாதம் இல்லை" என்றார்கள். டிசைன் அந்த சீசனோடு ஒத்துப்போகிறது என்பதைத் தவிர அந்தக் கடிதம் எதையும் சொல்லவில்லை. அதைச் சான்று என்று நீட்டுவது பச்சை மோசடி.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் புகார் செய்து பணம் திரும்பியது, ஆனால் ஜெர்சியை அவர்களுக்கே அனுப்ப வேண்டியிருந்தது. எந்தத் தேதி, எந்த ஆட்டம், எந்தப் படம் என்று எழுத்தில் கேளுங்கள். படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதையே தொழிலாகச் செய்யும், விற்பவரோடு தொடர்பில்லாத நிறுவனத்திடம் கொடுத்துச் சரிபார்க்க ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்காதீர்கள்.

அதே ஜெர்சி இப்போது 1994-95 என்று சீசன் மாறி மறுபடி விலைக்கு வந்திருக்கிறது. கழுத்துப் பட்டியின் உள்பக்கம், டேகுக்கு இடதுபுறம் நீல மைப்புள்ளி ஒன்று இருக்கும், பாருங்கள்.